கடிதத்தின் கடைசி வரி

கடிதம் எழுதுவோர் பலர் தொடக்கத்திற்குத் தரும் கவனத்தை முடிவிற்குத் தருவதில்லை. வாயிலில் நின்று வரவேற்றவர், விடைகொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டால் விருந்தே கசந்துவிடும் அல்லவா? அலுவலகக் கடிதமும் அத்தகையதே. தாள் அருகி மின்னஞ்சல் பெருகிவிட்ட இக்காலத்திலும் இது மாறவில்லை.

நாம் சிந்தியாமல் எழுதும் 'இப்படிக்கு' என்னும் சொல் மிகப் பழையது. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில், ஆவணம் முடிந்தபின், 'இப்படிக்கு இவை இன்னார் எழுத்து' என்னும் முறையில் பொறித்திருப்பதைக் காணலாம். 'எழுத்து' என்பது இங்கே கையொப்பம். 'மேலே கண்டபடியே ஒப்புகிறேன்' என்பது கருத்து. ஆதலின் 'இப்படிக்கு' என்று எழுதுபவர், எழுதியதற்குப் பொறுப்பேற்கிறார்.

ஆங்கில ஆட்சியில் பணிவுச் சொற்கள் பெருகின. நம் கொடைக்கானல் வானாய்வகம் 1899-இல் நிறுவப்பெற்றது. சூரியப் புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் என்னும் அறிஞர் 1909-இல் இங்கேதான் கண்டறிந்தார். அத்தகைய அரிய ஆராய்ச்சி நடந்த நாளிலும், அரசு அலுவலர் மேலிடத்திற்கு எழுதினால், 'தங்கள் மிகவும் கீழ்ப்படிந்த ஊழியன்' என்று முடிப்பதே வழக்கம். நாடு விடுதலை பெற்று, 1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டமும் இயற்றப்பெற்றது. 'ஊழியன்' மெல்ல மறைய, 'தங்கள் உண்மையுள்ள' நிலைத்தது.

இனி, மின்னஞ்சலுக்கு எது பொருந்தும்? மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளுங்கள். பெறுபவர் யார்? பொருள் யாது? அவரோடு நமக்குப் பழக்கம் எவ்வளவு? வேலைக்கு விண்ணப்பிப்பவர் 'தங்கள் உண்மையுள்ள' என்று முடித்து, முழுப் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் தருதல் நன்று. உடன் பணிபுரிபவர்க்கு 'அன்புடன்' போதும். உதவி வேண்டினால் 'நன்றி' பொருந்தும். ஒருவர் பிழையைச் சுட்டிக் கடிந்தபின் எழுதும் 'நன்றி' குத்தலாகவே படும். ஒரே முடிவு தானே பதியுமாறு கணினியில் அமைத்துவிடுவோர் இங்கே வழுக்குகின்றனர். இரங்கல் மடலின் அடியிலும் 'இந்நாள் இனிய நாளாகுக' என்பது வந்து நிற்கும்!

ஐயம் தோன்றினால் பணிவின் பக்கம் சாய்க. சிலப்பதிகாரத்தில் மாதவி விடுத்த இரண்டாம் ஓலையைப் படித்த கோவலன், அதன் சொற்கள் தன் பெற்றோர்க்கும் பொருந்துவதைக் கண்டு, அவ்வோலையையே அவர்களிடம் சேர்க்கச் சொன்னான். பணிந்த சொல் எவர்க்கும் பொருந்தும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

என் பிழை ஒன்றையும் கூறவேண்டும். மேல்மலைப் பள்ளி ஒன்றில் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, இளம் ஆசிரியர் ஒருவர் விடுப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார். ஒரே வரி, வணக்கம் இல்லை, காரணம் இல்லை, பெயரும் இல்லை. எனக்குச் சினம் மூண்டது. விடுப்பை மறுத்து, 'முறையாகக் கடிதம் எழுதக் கற்றுக்கொள்க' என்று மறுமொழி விடுத்தேன்.

மறுநாள் காலை அவர் வந்து நின்றார். முதல்நாள், மூச்சுத் திணறிய தாயைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு மலையிறங்கியிருக்கிறார். கைப்பேசிக்குச் சிக்னல் கிட்டிய ஒரு வளைவில் அவ்வரியை எழுதி அனுப்ப, அடுத்த வளைவில் சிக்னல் அறுந்துவிட்டது. என் மறுமொழியை மருத்துவமனை வாயிலில் படித்தவர், தாயைத் தம்பியிடம் விட்டுவிட்டு, விடியற்காலைப் பேருந்தில் திரும்பியிருந்தார். அவரை உடனே திருப்பி அனுப்பினேன். தாயார் நலம் பெற்றார். ஆயினும் என் மறுமொழியை எண்ணினால் இன்றும் நாணுகிறேன். அதன் அடியில், இலக்கணம் வழுவாமல், 'தங்கள் உண்மையுள்ள' என்று நான் எழுதியிருந்தேன்.

ஆகவே, நீங்கள் எழுதும்போது பெறுபவரை மனத்தில் நிறுத்திக் கடைசி வரியைத் தேர்ந்தெடுங்கள். பிறர் கடிதத்தில் அவ்வரி இல்லாவிடின், சினம் கொள்ளுமுன் காரணத்தைக் கேளுங்கள்.