ஒரு நுகத்தில் இரு இமைகள்

ஒஷாவாவில் வாழும் நண்பர் ஒருவரை அண்மையிற் காணச் சென்றிருந்தோம். வலக்கண்ணின் மேலிமை தொய்ந்து பார்வையை மறைத்ததால், சத்திரசிகிச்சை செய்து பத்து நாட்கள் ஆகியிருந்தன. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே எம்மை வரவேற்றார்.

"வலது உயர்ந்துவிட்டது சேர், இப்போது இடது விழுந்துவிட்டது. இரண்டு மாதத்தில் மகளின் கலியாணம். இந்த முகத்தோடு எப்படிச் சபையில் நிற்பது?" என்றார்.

அவருக்குக் கூறியதையே வாசகர்களுக்கும் கூற விழைகின்றோம்.

இமைகளை உயர்த்துமாறு மூளை இரு பக்கத்துக்கும் ஒரே அளவு ஆணையையே அனுப்புகின்றது. ஜேர்மன் உடலியலாளர் ஏவால்ட் ஹெரிங் 1868இல் கண்களின் அசைவு குறித்து வகுத்த விதி இமைகளுக்கும் பொருந்தும். ஒரே நுகத்திற் பூட்டிய எருதுகள் போன்றவை அவை. ஓர் இமை தொய்ந்தால் மூளை கூடுதலாக ஆணையிடும். மற்றையதும் அதனால் உயர்ந்து நின்று தன் தளர்வை மறைத்துக்கொள்ளும். தொய்ந்தது சீராக்கப்பட்டதும் அம்மேலதிக ஆணை குறையும். மறைந்திருந்த தளர்வு வெளிப்படும். தொய்ந்த இமையை விரலால் உயர்த்தி, மற்றையது இறங்குகின்றதா என மருத்துவர் முன்கூட்டியே சோதிப்பது இதனாலேயே.

"அதைத்தான் அன்று டொக்டர் சொன்னாரோ?" என்று நண்பர் கேட்டார். ஆங்கிலத்தில் விளக்கப்பட்டபோது விளங்காமலே தலையாட்டியிருக்கிறார். எம்மவருட் பலர் செய்யும் தவறு இது. மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதில் வெட்கமில்லை. சிகிச்சை பார்வைக்காகவா, அழகுக்காகவா என்பதையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அழகுக்கான சிகிச்சைக்கு ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதி செலவு கொடாது.

வீக்கமும் கன்றலும் இரு வாரங்களிற் பெரும்பாலும் வடியும். ஆயினும் இமை தன் நிலைக்கு வர ஆறு வாரம் தொடக்கம் மூன்று மாதம் வரை செல்லலாம். இரு பக்கமும் ஒரே வேகத்தில் ஆறுவதில்லை. ஒரு மில்லிமீற்றர் வேறுபாடு சிகிச்சை செய்யாதோர் முகத்திலும் உண்டு. அதனினும் மிகுந்து நிலைத்தால் மீண்டும் சீர்செய்யலாம். தொடக்கத்தில் இமை முழுமையாக மூடாதிருக்கக்கூடும். மருத்துவர் தந்த மருந்துத் துளிகளைத் தவறவிடலாகாது.

கடும் வலி, பார்வை மங்குதல், கண் வெளித்தள்ளுதல் ஆகியன தோன்றினால் உடனே வைத்தியசாலைக்குச் செல்க. திடீரென இமை தொய்ந்து, தலைவலியோ இரட்டைப் பார்வையோ சேர்ந்தாலும் தாமதிக்கலாகாது.

நண்பருக்குக் கலியாணத்துக்கு இன்னும் இரு மாதங்கள் உண்டு. அதுவரை கண்ணாடியின் முன் நாளுக்குப் பத்துத் தடவை நில்லாதிருப்பதே அவர் தமக்குச் செய்யும் உதவி.