கண் டாக்டருக்கும் தெரியட்டும் உங்கள் புராஸ்டேட் மாத்திரை

அறுபதைத் தாண்டிய ஆண்கள் பலருக்குக் கண்புரையும் புராஸ்டேட் வீக்கமும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் வந்து சேர்கின்றன. கண்ணுக்கு ஒரு டாக்டர், சிறுநீர்த் தொந்தரவுக்கு இன்னொரு டாக்டர். 'என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?' என்று கண் டாக்டர் கேட்டால் சுகர், பிபி மாத்திரைகளைச் சொல்வார்கள். இரவு சாப்பாட்டுக்குப் பின் போடும் அந்த கேப்சூலைச் சொல்ல மாட்டார்கள். கூச்சம் ஒரு காரணம். கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்ற நினைப்பு இன்னொன்று.

சம்பந்தம் உண்டு. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த கண் மருத்துவர்கள் டேவிட் சாங், ஜான் கேம்ப்பெல் இருவரும் 2005-ல் அதை வெளிப்படுத்தினார்கள். அந்த மருந்து டாம்சுலோசின்.

கண்புரை ஆபரேஷனில் சொட்டு மருந்து விட்டுப் பாவையை அகல விரித்து, அந்த வழியாகத்தான் புரையை எடுத்துவிட்டு லென்ஸ் வைப்பார்கள். டாம்சுலோசின் சாப்பிடுபவர்களில் சிலருக்குப் பாவை சரியாக விரியாது. விரிந்தாலும் பாதியிலேயே சுருங்கிவிடும். பாவையைச் சுற்றியுள்ள ஐரிஸ் என்ற நிறத்திரை தொய்ந்துபோய், கண்ணுக்குள் செலுத்தும் திரவத்தில் அலைபாய்ந்து, கீறல் வழியாக வெளியே பிதுங்கப் பார்க்கும். முன்கூட்டியே தெரிந்தால் சர்ஜன் அதற்கான மருந்தையும், பாவையை விரித்துப் பிடிக்கும் சின்னக் கொக்கிகளையும் தயாராக வைத்துக்கொள்வார். ஆபரேஷனுக்கு முன் சில நாள் கேப்சூலை நிறுத்தினாலும் இந்தச் சிக்கல் வராது என்று சொல்ல முடியாது. எப்போதோ சாப்பிட்டு விட்டவர்களும் சொல்லியாக வேண்டும். கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்றால், டாம்சுலோசினைப் புதிதாக ஆரம்பிப்பதைத் தள்ளிப்போடுவது நல்லது.

புராஸ்டேட் மருந்து கண் வரை போவானேன்? டாம்சுலோசின் வீக்கத்தைச் சுருக்குவதில்லை. புராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பையின் வாயிலும் இறுகியிருக்கும் தசையைத் தளர்த்துகிறது, அவ்வளவுதான். சில நாட்களிலேயே சிறுநீர் தடையில்லாமல் போவது இதனால்தான். தசைக்கு இறுகும் கட்டளையை வாங்கித் தரும் ஆல்ஃபா ஏற்பிகளைத்தான் டாம்சுலோசின் அடைக்கிறது. அதே ஏற்பிகள் பாவையை விரிக்கும் தசையிலும், ஓரளவு ரத்தக் குழாய்களிலும் இருக்கின்றன.

ரத்தக் குழாய் தளர்ந்தால் பிபி இறங்கும். நடு இரவில் சிறுநீர் முட்டும் அவசரத்தில் படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் தலை கிறுகிறுக்கும். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர்கள் உண்டு. மருந்து ஆரம்பிக்கும் முதல் நாட்களில் இன்னும் கவனம் தேவை. கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். பாத்ரூம் போகும் வழியில் விளக்கு எரியட்டும்.

வழக்கமான அளவு தினம் 0.4 மில்லிகிராம். தினமும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் கழித்துப் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் மருந்தின் உச்ச அளவு 40 முதல் 70 சதவீதம் வரை கூடிவிடும். கேப்சூலைப் பிரிக்கவோ மெல்லவோ கூடாது. ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள். பல நாள் விட்டுப்போனால் டாக்டரைக் கேட்டுத்தான் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். ஏற்கெனவே பிபி மாத்திரை சாப்பிடுபவர்களும், ஆண்மைக் குறைவுக்கு சில்டெனாஃபில் போடுபவர்களும் அதை மறைக்கக் கூடாது. சேர்ந்தால் பிபி ஒரேயடியாக இறங்கலாம். விந்து குறைவாக வருவதும் வராமலே போவதும் இந்த மருந்தின் பக்கவிளைவுதான். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் இன்னொரு வலை இருக்கிறது. 'தம்பி, சளிக்கு ஒண்ணு குடு' என்று கேட்டால் கிடைக்கும் மாத்திரை பலவற்றில் குளோர்ஃபெனிரமைன், ஃபினைல்எஃப்ரின் இரண்டும் இருக்கும். முன்னது சிறுநீர்ப்பையின் அழுத்தும் சக்தியைக் குறைக்கும். பின்னது அதன் வாயை இறுக்கும். டாம்சுலோசின் தளர்த்தியதை ஜலதோஷ மாத்திரை திரும்ப இறுக்கினால் சிறுநீர் அடியோடு நின்று, டியூப் போட்டு எடுக்கும் நிலை வரலாம். 'எனக்கு புராஸ்டேட் இருக்கு' என்று கடையில் ஒரு வார்த்தை சொன்னால் தப்பிக்கலாம்.

பெயருக்குப் பின்னால் 'டி' சேர்ந்து வரும் கேப்சூல்கள் பலவற்றில் டாம்சுலோசினோடு டுடாஸ்டெரைடும் உண்டு. வீக்கத்தைச் சுருக்குவது இதுதான். முழுப் பலன் தெரிய ஆறு மாதம் ஆகலாம். அதற்குள் பிஎஸ்ஏ அளவும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். புராஸ்டேட் புற்றுநோயைச் சந்தேகிக்க உதவும் ரத்தப் பரிசோதனை பிஎஸ்ஏ. மருந்து சாப்பிடுவது தெரியாமல் ரிப்போர்ட்டைப் பார்ப்பவர் 'நார்மல்' என்று அனுப்பிவிடக்கூடும். தெரிந்தவர் அந்த எண்ணை இரட்டிப்பாக்கிப் பார்ப்பார். கர்ப்பிணிகள் டுடாஸ்டெரைட் கேப்சூலைக் கையாளக் கூடாது. உள்ளிருக்கும் மருந்து தோல் வழியாக ஏறி ஆண் சிசுவின் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம். கடைசி கேப்சூலுக்குப் பின் ஆறு மாதம் ரத்த தானமும் கூடாது.

சிறுநீர் அறவே வராமல் அடிவயிறு வலித்தாலோ, ஆணுறுப்பு விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் அடங்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் மாத்திரை பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாமல் பரிசோதனை செய்யுங்கள். கண் டாக்டர், பல் டாக்டர், லேப், மெடிக்கல் ஷாப் என எங்கே போனாலும் கேப்சூல் அட்டையை ஒரு போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொண்டு காட்டுங்கள். பெயரைச் சொல்லக் கூச்சப்படுபவர்களுக்கும் இதில் சிரமம் இருக்காது.