ஜீப்பும் தாரும்: மேடு ஒன்று, வண்டி இரண்டு

வெளிச்சம் வருமுன்பே போடி, தேவாரம், கம்பம் பக்கத்துத் தெருமுனைகளில் ஜீப்புகள் வந்து நின்றுவிடும். தலையில் துண்டும் கையில் தூக்குவாளியுமாகப் பெண்கள் ஏறுவார்கள். எதிரெதிர் பலகையில் முழங்காலோடு முழங்கால் இடிக்கும். இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற கூட்டம் அது. போடிமெட்டு ஏறுவதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் முக்கி முனகித் திரும்பும் அந்த ஜீப்பை, விடுமுறை நாளென்றால் ஒரு புதுத் தார் சீறிக்கொண்டு முந்தும். உள்ளே நான்கு பேர், ஏசி, பாட்டு.

இரண்டும் மகிந்திரா வீட்டு வண்டிகள்தாம். தாத்தா, பேரன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் தாத்தா பார்த்த வேலையைப் பேரன் பார்ப்பதில்லை. இரண்டையும் ஒப்பிடும்போது குதிரைத்திறன் கணக்கைவிட இதுதான் முக்கியம்.

முதலில் தாத்தா பிறந்த கதை. 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 நிறுவனங்களிடம் ஒரு வண்டி கேட்டது. சின்னதாக இருக்க வேண்டும், நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும், மாதிரி வண்டி 49 நாளில் வந்து சேர வேண்டும். பேன்டம் என்ற சிறு நிறுவனம் கெடுவுக்குள் கொண்டுவந்து நிறுத்தியது. இருந்தும் பெரிய ஆர்டர்கள் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயின. அத்தனை வண்டியைச் செய்துதள்ள பேன்டத்தால் முடியாது என்று ராணுவம் நினைத்தது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் ஓடத் தொடங்கியிருந்தன.

இந்தியாவில் 1945இல் தொடங்கிய மகிந்திரா அண்ட் முகமது நிறுவனம், 1947 வாக்கில் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்கத் தொடங்கியது. பங்குதாரர் குலாம் முகமது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போய்விட, பெயர் மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆனது. பழைய சினிமாவில் போலீஸும் பி.டி.ஓ.வும் வந்திறங்குவார்களே, பானெட் மட்டும் தூக்கலாகத் தெரியும் ஜீப், அது சிஜே3பி. எஞ்சினில் காற்று நுழையும் வால்வுகளைப் பக்கத்திலிருந்து தலைக்கு மாற்றியதால் எஞ்சின் உயர்ந்தது. அதை மூட பானெட்டும் உயர்ந்தது. அமெரிக்கர்கள் 1968இல் இந்த மாடலை நிறுத்திவிட்டார்கள். இங்கே அது அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓடியது.

இனி மேடு ஏறும் கதை.

போர்க்கால வில்லிஸில் 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 60 குதிரைத்திறன். 2020இல் வந்த தாரின் டீசல் எஞ்சினும் 2.2 லிட்டர்தான், சக்தி மட்டும் 130. ஆனால் செங்குத்தான பாறைப்பாதையில் வண்டியை ஏற்றுவது இந்தக் கணக்கல்ல. பழைய ஜீப்பில் டிரைவரின் காலருகே மூன்று கியர் ராடுகள் நிற்கும். ஒன்று சாதாரண கியர். இன்னொன்று முன்சக்கரங்களையும் சேர்த்து இழுக்க வைப்பது. மூன்றாவது 'லோ'வில் போட: வேகம் ஏறக்குறைய பாதியாகும், இழுவை இரட்டிப்பாகும். தாரில் இந்தப் பின்னிரண்டும் சேர்ந்து ஒரே ராடாக கியர் பக்கத்தில் நிற்கிறது. லோவில் இழுவை 2.48 மடங்கு. பல கம்பெனிகள் இதைத் திருகும் குமிழாக மாற்றிவிட்ட காலத்தில், கையால் இழுத்துப் போடும் ராடை விட்டுவைத்தது நல்ல பிடிவாதம்.

பெரிய வித்தியாசம் பின்னச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியலில் இருக்கிறது. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும், உள்சக்கரம் குறைவாக. அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கும் பல்சக்கரக் கூட்டம் அது. அதன் குணக்கேடு, எந்தச் சக்கரம் லேசாகச் சுற்றுகிறதோ அதற்கே விட்டுக்கொடுத்துவிடும். ஒரு சக்கரம் சேற்றில் இறங்கினால் அது மட்டும் விர்ரென்று சுற்ற, தரையில் பிடிப்போடு நிற்கும் மற்றது சும்மா இருக்கும். பழைய ஜீப்பில் இதற்கு மருந்து டிரைவரிடமும் ஏறியிருப்பவர்களிடமும்தான். நாலு பேர் இறங்கித் தள்ளுவார்கள். ஒருவர் டயருக்கடியில் கல்லோ தழையோ திணிப்பார். தாரில் சென்சார் பார்த்துக்கொள்கிறது. சும்மா சுற்றும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து நிறுத்த, சக்தி எதிர்ச்சக்கரத்துக்குப் போகிறது. சில மாடல்களில் பின்னச்சைத் தானாகவே பூட்டிக்கொள்ளும் அமைப்பும் உண்டு. இறங்கிச் சேறு மிதிக்க வேண்டியதில்லை.

டிரைவரின் கைப்பழக்கத்தில் இருந்த இன்னும் பலவும் இப்படி இயந்திரத்துக்குள் போய்விட்டன. பழைய ஜீப்பில் ஓட்டத்தில் இருக்கும்போது முதல் கியர் லேசில் விழாது. மேட்டில் செகண்ட் கியர் திணறத் தொடங்கினால், கிளட்ச்சை இருமுறை மிதித்து, அதாவது டபுள் கிளட்ச் அடித்து, எஞ்சின் சத்தத்தைக் காதால் அளந்து, சரியான நொடியில் தள்ள வேண்டும். தவறினால் கரகரவென்று பல் கடிக்கும் சத்தம். அடுத்த நொடி வண்டி பின்னால் உருளும். ஓடை தாண்டினால் டிரம் பிரேக் நனைந்து பிடிக்காது. அக்கரை ஏறியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடேற்றிக் காயவைப்பார்கள். தாரில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. பின்னால் இன்னும் டிரம்தான்.

சவாரிச் சுகத்தில் ஒப்பீடே கிடையாது. நான்கு பக்கமும் பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்கில் ஓடும் ஜீப் ஒவ்வொரு குழியையும் முதுகெலும்புக்குச் சொல்லும். தாரில் நான்கு பக்கமும் காயில் ஸ்பிரிங், முன்சக்கரங்கள் தனித்தனியாக அசையும். பாதுகாப்பிலும் அப்படியே. ஜீப்பின் ஸ்டியரிங் தண்டு நேராக மார்பை நோக்கி நிற்கிறது. தலைக்கு மேல் தார்ப்பாய்; பெல்ட், ஏர்பேக் என்ற பேச்சுக்கே இடமில்லை. தார் 2020 நவம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் வாங்கியது. பழையதைக் கொண்டாடுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் அடக்கி வாசிப்பது நல்லது.

அவர்கள் தலை நிமிரும் இடம் பட்டறை. ஸ்பிரிங்கின் மெயின் பட்டை ஒடிந்தால் போடியிலேயே வேறொன்று கிடைக்கும். பாதி மலையில் வண்டி நின்றால் டிரைவரே பானெட்டைத் திறந்து ஸ்பேனர், கட்டுக்கம்பி, ரப்பர்த் துண்டோடு குனிந்துவிடுவார். தாரில் ஒரு சென்சார் முரண்டு பிடித்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். ஏன் எரிகிறது என்று சொல்ல ஸ்கேனர் வேண்டும்.

சரி, தாத்தாவின் வேலை யாருக்குப் போனது? 2000இல் வந்த பொலேரோவுக்கும் அதன் பிக்கப்புக்கும். கிராமத்துச் சாலையில் ஆள் ஏற்றுவதும், உர மூட்டை சுமப்பதும், காவல் நிலைய வாசலில் நிற்பதும் அவைதாம். தார், ஜீப்பின் முகத்தை மட்டும் வாங்கிக்கொண்டது: வட்ட விளக்கு, வெளியே தெரியும் கதவுக் கீல், கழுவிவிட்டால் தண்ணீர் வடிய அடித்தளத்தில் துளை. பாலைவனத்தின் பெயரை வைத்திருந்தாலும், தமிழ்க் காதுக்கு அந்தப் பெயர் சொல்வதுபோல் அது பெரும்பாலும் தார்ச்சாலையில்தான் ஓடுகிறது. கம்பெனிக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். 2023 ஜனவரியில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் தார் ஒன்றை 9.99 லட்சத்துக்கு இறக்கியது. முன்சக்கரம் இழுக்காத ஜீப் என்று தாத்தாவிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

போடிமெட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் போனால் சூரியநெல்லி. அங்கிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பாதையில் தார் என்ற பேச்சே இல்லை, உருண்டு கிடக்கும் கல்தான். சொந்த வண்டியில் வருகிறவர்களும் அதைக் கீழே நிறுத்திவிட்டு உள்ளூர் ஜீப்பில் ஏறுவதே வழக்கம். விடியலுக்கு முன்னே, குளிரில், தார்க்காரரும் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பின்பலகையில் உட்கார்ந்து மேல்கம்பியைப் பிடித்துக்கொள்கிறார். டிரைவர் லோவில் போடுகிறார்.