கார் சிறிதா, பெரிதா? நாட்டுக்கு நாடு மாறும் அளவுகோல்

ஒரு மோட்டார்க் கார் சிறியதா பெரியதா என்னும் வினாவுக்கு விடை கூறுதல் எளிது போலத் தோன்றும். அளவுநாடாவை எடுத்து நீளத்தையும் அகலத்தையும் அளந்தால் விடை கிடைத்துவிடும் என்றே பலரும் எண்ணுவர். ஆனால், ஒரு நாட்டிலே சிறிய கார் என விற்கப்படும் வண்டி, கடல் கடந்து மற்றொரு நாட்டில் இறங்கியதும் பெரிய காராகிவிடுவதுண்டு. வண்டியில் ஓர் ஆணிகூட மாறுவதில்லை. மாறுவது அதனை அளக்கும் கோல் மட்டுமே.

ஃபோர்ட் ஃபால்கன் என்னும் காரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1960ஆம் ஆண்டுக்குரிய மாதிரியாக ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த இக்கார் ஏறத்தாழ 4.6 மீற்றர் நீளமுடையது. அந்நாளில் அமெரிக்கக் குடும்பங்கள் விரும்பி வாங்கிய செவ்ரொலெற் இம்பாலா போன்றவை 5.3 மீற்றருக்கும் மேற்பட்டவை. ஆகவே ஃபால்கனுக்கு அங்கே 'கொம்பாக்ட்', அதாவது அடக்கமான கார் என்று பெயரிட்டனர். அதே 1960இல் அவுஸ்திரேலியாவிலும் ஃபால்கன் விற்பனைக்கு வந்தது. அங்கே அதனை எவரும் சிறிய கார் எனக் கருதவில்லை. குடும்பம் முழுவதும் ஏறிச் செல்லத்தக்க கார் என்றே அது வரவேற்கப்பட்டது. அமெரிக்காவில் அப்பெயர் 1970இல் மறைந்தது. அவுஸ்திரேலியாவிலோ, பெரிய கார் என்றாலே நினைவுக்கு வரும் பெயர்களுள் ஒன்றாய் வளர்ந்து, 2016 ஒக்ரோபர் வரை உற்பத்தி செய்யப்பட்டது. இங்கிலாந்திலும் இலங்கையிலும் பெருவழக்காயிருந்த மொரிஸ் மைனரின் நீளம் 3.76 மீற்றர் மட்டுமே. அதனருகில் நிறுத்தினால், அமெரிக்கரின் 'அடக்கமான' கார் எவ்வளவு பெரியது என்பது தானே விளங்கும்.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் படித்தவர்க்கு இது புதுமையன்று. 'பரப்பு' என்னும் ஒரே சொல் நெல்வயலுக்கு ஓர் அளவையும், வரகு விதைக்கும் நிலத்துக்கு வேறோர் அளவையும் குறித்து வந்தது. ஆதலால் எவ்வகைப் பரப்பு என்பதையும் சேர்த்தே உறுதியில் எழுதினர். கார் உலகிலோ அவ்வாறு சேர்த்துச் சொல்லும் வழக்கம் இல்லை. சிறியது, நடுத்தரமானது, பெரியது என்ற சொற்கள் மட்டுமே விளம்பரங்களில் நிற்கின்றன. எந்த நாட்டுக் கோலால் அளந்த அளவு என்பது மறைந்துவிடுகின்றது.

அக்கோல்கள் பெரும்பாலும் நான்கு வகைப்படும். முதலாவது, இயந்திரத்தை அளந்து வரி விதிப்பது. இரண்டாவது, காரின் வெளிப்புற நீள அகலங்களுக்கு எல்லை வகுப்பது. மூன்றாவது, உள்ளே உள்ள இடத்தைக் கணக்கிடுவது. நான்காவது, சந்தையில் எந்தக் கார் எதனோடு போட்டியிடுகின்றது என்பதைக் கொண்டு வகுப்பது.

முதலாவது முறைக்கு இங்கிலாந்து சிறந்த எடுத்துக்காட்டு. 1921 முதல் அங்கே காரின் குதிரைவலு ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஒரு பவுண் வீதம் வரி அறவிடப்பட்டது. இக்குதிரைவலு இயந்திரத்தை ஓட்டிப் பார்த்து அறிந்த வலுவன்று. உருளையின் விட்டத்தையும் உருளைகளின் தொகையையும் மட்டும் கொண்டு கணக்கிட்ட வலு. உள்ளே முசலம் எவ்வளவு தூரம் மேலும் கீழும் செல்கின்றது என்பது கணக்கிற் சேரவில்லை. இதன் விளைவு வியப்புக்குரியது. ஏறத்தாழ 20 குதிரைவலுவே தந்த அமெரிக்க ஃபோர்ட் 'ரி' மாதிரிக் கார், உருளைகள் அகன்றவையாதலால் இருபத்திரண்டரைக் குதிரைவலு எனக் கணிக்கப்பட்டு, 23 பவுண் வரிக்கு உள்ளாயிற்று. 1930களில் வெளிவந்த மொரிஸ் எயிற் என்னும் கார் உண்மையில் 20 குதிரைவலுவுக்கு மேல் தந்தும், வரிக்கணக்கில் எட்டுக் குதிரைவலுவாகவே நின்றது. ஒஸ்டின் செவன், மொரிஸ் எயிற் என்ற பெயர்களில் உள்ள எண்கள் இவ்வரிக் கணக்கின் எச்சங்களே. பெயரில் ஏழும் எட்டும் நின்றமையால், வாங்குபவர் வகுப்பையும் வரியையும் ஒருங்கே அறிந்துகொண்டனர்.

வரிக் கணக்கு காரின் உருவையும் மாற்றியது. ஆங்கிலப் பொறியியலாளர் உருளையை ஒடுக்கி, முசலத்தின் வீச்சை நீட்டினர். அத்தகைய இயந்திரம் உள்நாட்டில் வரியைக் குறைத்தது. ஆயினும் நெடுந்தூரத்தை விரைந்து கடக்கவேண்டிய பிறநாட்டுச் சாலைகளுக்கு அது பொருத்தமாயிருக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஏற்றுமதி இன்றியமையாததாகவே, 1940களின் இறுதியில் இங்கிலாந்து இம்முறையைக் கைவிட்டது. பிரான்சிலும் இத்தகைய 'வரிக் குதிரைகள்' இருந்தன. 1948இல் மக்கள்முன் வைக்கப்பட்ட சித்ரொயென் 2 சீ.வீ. என்னும் புகழ்பெற்ற காரின் பெயருக்கு, இரண்டு வரிக் குதிரைகள் கொண்டது என்பதே பொருள்.

இரண்டாவது முறையைச் செம்மையாகக் கையாளும் நாடு யப்பான். 1949இல் அங்கே 'கெய்' என்னும் இலகு வாகன வகுப்பு உருவாக்கப்பட்டது. போரினால் வறுமையுற்ற மக்களும் சிறு வணிகரும் எளிதில் வாங்கத்தக்க வண்டிகளை வளர்ப்பதே அதன் நோக்கம். முதலில் 150 கன சென்ரிமீற்றராயிருந்த இயந்திர எல்லை, 1950களில் 360 ஆகவும், 1976இல் 550 ஆகவும், 1990இல் 660 ஆகவும் உயர்த்தப்பட்டது. 1998 முதல் நீளம் 3.4 மீற்றரையும், அகலம் 1.48 மீற்றரையும், உயரம் 2 மீற்றரையும் தாண்டலாகாது. இவ்வெல்லைக்குள் நிற்கும் தனியார் கார்களுக்குப் பொதுவாக மஞ்சள் இலக்கத் தகடும், வரிச் சலுகையும் உண்டு.

நீளமும் அகலமும் சட்டத்தால் அடைபட்டமையின், எஞ்சியிருந்தது உயரம் ஒன்றே. அதனை நன்கு பயன்படுத்தி 1993இல் வெளிவந்ததுதான் சுசுக்கி வகன் ஆர். இலங்கை வீதிகளில் இன்று பெருந்தொகையாய் ஓடும் இக்காரின் நிமிர்ந்த பெட்டி போன்ற தோற்றம் அழகு கருதி அமைந்ததென்று சொல்வதற்கில்லை. யப்பானியச் சட்டம் வரைந்த பெட்டியை நிரப்பிய தோற்றமே அது. இந்தியாவில் அப்பெயரோடு விற்கப்படும் கார் அகலத்தாலும் இயந்திரத்தாலும் பெரியது. கெய் வகுப்பு இல்லாத நாட்டில் அவ்வெல்லைக்குள் ஒடுங்கி நிற்கவேண்டிய தேவை அதற்கில்லை. பெயரை மட்டும் நம்பி உதிரிப்பாகம் தேடுபவர் ஏமாறக்கூடும்.

கெய் வகுப்புக்கு மேலே யப்பானில் மற்றோர் எல்லை உள்ளது. 4.7 மீற்றர் நீளம், 1.7 மீற்றர் அகலம், 2 மீற்றர் உயரம், பெற்றோல் இயந்திரமாயின் 2,000 கன சென்ரிமீற்றர் ஆகியவற்றுக்கு உட்பட்டது சிறிய கார். ஒன்றிலேனும் மிகுந்தால் அது சாதாரண கார் வகுப்புக்குச் செல்லும். டொயோட்டா கொரொல்லா இவ்விரு வகுப்புக்களுக்கும் இடையே நின்ற கதை குறிப்பிடத்தக்கது. 2006இல் யப்பானியருக்கென வந்த கொரொல்லா அக்சியோ 1.695 மீற்றர் அகலத்தோடு எல்லைக்குள் நின்றது. அதே தலைமுறையில் பிறநாடுகளுக்குச் சென்ற கொரொல்லா 1.76 மீற்றர் அகலமாயிருந்தது. வேறுபாடு ஆறரைச் சென்ரிமீற்றரே. ஆயினும், அதன் பொருட்டு ஒரே பெயரில் இருவேறு உடல்கள் சமைக்கப்பட்டன.

இந்தியா 2006இல் இத்தகையதோர் எல்லையை வகுத்தது. நீளம் 4 மீற்றருக்கும், பெற்றோல் இயந்திரம் 1,200 கன சென்ரிமீற்றருக்கும், டீசல் இயந்திரம் 1,500 கன சென்ரிமீற்றருக்கும் மேற்படாத கார்களுக்கு உற்பத்தி வரி 24 வீதத்திலிருந்து 16 வீதமாகக் குறைக்கப்பட்டது. பின்புறம் பொதியறை நீண்ட கார்களை விரும்பும் மக்களுக்கு இது சங்கடமாயிற்று. உற்பத்தியாளர் அதற்கும் வழி கண்டனர். 4.16 மீற்றராயிருந்த மாருதி சுவிப்ட் டிசயர், 2012இல் 3.995 மீற்றராகக் குறுகியது. வெட்டு விழுந்தது பின்புறப் பொதியறையில். வரிகளின் பெயர் பின்னர் மாறியபோதும் 4 மீற்றர் எல்லை மறையவில்லை. 2025 செப்ரெம்பர் 22 முதல் அவ்வெல்லைக்கு உட்பட்ட கார்களுக்குப் பொருட்கள் சேவைகள் வரி 18 வீதமாகவும், பெரிய கார்களுக்கு 40 வீதமாகவும் அமைந்தது. ஒரு விரல் நீளத்துக்காகப் பொறியியலாளர் போராடுவதன் காரணம் இதுவே.

ஐக்கிய அமெரிக்காவின் கோல் முற்றிலும் வேறானது. அங்குள்ள சுற்றாடல் பாதுகாப்பு முகவர் நிலையம், எரிபொருட் செலவை ஒப்பிடும் பொருட்டு, காரின் உள்ளிடத்தைக் கன அடியில் அளக்கின்றது. பயணிகள் அமரும் இடமும் பொதியறையும் சேர்த்து 85 கன அடிக்குக் குறைந்தால் மிகச் சிறியது. 100க்குக் குறைந்தால் அடக்கத்திற் குறைந்தது. 110க்குக் குறைந்தால் அடக்கமானது. 120க்குக் குறைந்தால் நடுத்தரம். 120உம் அதற்கு மேலும் பெரியது. வெளிநீளம் இக்கணக்கில் இடம்பெறுவதில்லை. அதனால் நகரத்துச் சந்துகளுக்கென அமைந்த மூன்றரை மீற்றர் ஃபியட் 500உம், பெருவிலையும் பெருவேகமும் உடைய போர்ஷே 911உம் மிகச் சிறியது என்னும் ஒரே வகுப்பில் அடங்கின. மறுபுறம், 2008இல் வந்த ஹொண்டா அக்கோர்ட், வணிகரால் நடுத்தரம் எனப்பட்டும், உள்ளிடம் 120 கன அடியை எட்டியமையால் அரசின் ஏட்டில் பெரிய காராயிற்று. அதே காலத்தில் ஐரோப்பாவில் அக்கோர்ட் எனப்பட்டது வேறொரு சிறிய கார். அஃது அமெரிக்காவில் அகுரா என்ற பெயரோடு விற்பனையாயிற்று.

ஐரோப்பாவில் வழங்கும் வகுப்புக்கள் ஏ, பீ, சீ, டீ, ஈ, எஃப் என எழுத்துக்களால் அமைந்தவை. மிகச் சிறியது முதல் உல்லாசக் கார் வரை இவை ஏறுவரிசையில் நிற்கும். ஐரோப்பிய ஆணைக்குழு நிறுவன இணைப்புக்களை ஆராயும்போது இவற்றைப் பயன்படுத்தியதாயினும், இத்தனை மீற்றர் என எல்லை கட்டிய சட்டம் இல்லை. போட்டியும் விலையும் நோக்குமே வகுப்பைத் தீர்மானிக்கின்றன. எல்லை இல்லாவிடத்து வளர்ச்சிக்குத் தடையில்லை. 1974இல் வந்த வொல்க்ஸ்வாகன் கோல்ஃப் 3.7 மீற்றர் நீளமுடையதாய்ச் சீ வகுப்புக்கு இலக்கணமாய் விளங்கிற்று. 2017இல் வந்த போலோ, அதற்குக் கீழான பீ வகுப்பினதாயிருந்தும், 4.05 மீற்றர் நீண்டது. தம்பி அண்ணனின் பழைய சட்டைக்குள் நுழையமுடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டான்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. பணமும் உயிரும் இதிலே தங்கியுள்ளன. இலங்கையில் இறக்குமதிக் கார்களின் உற்பத்தித் தீர்வை இயந்திரத்தின் கன சென்ரிமீற்றரைக் கொண்டே பெரிதும் கணக்கிடப்படுகின்றது. அதாவது இந்நாட்டின் கோல் முதலாம் வகையைச் சேர்ந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கியபோதும் அம்முறையே நின்றது. ஆகவே வேறொரு நாட்டில் வரிச் சலுகை பெற்ற 'சிறிய' கார் இங்கே சலுகை பெறும் என்று கொள்ளலாகாது.

உயிர்க்காப்பிலும் இதே எச்சரிக்கை வேண்டும். மோதற் சோதனைகளில் ஐந்து நட்சத்திரம் பெற்ற சிறிய காரும், ஐந்து நட்சத்திரம் பெற்ற பெரிய காரும் ஒரே அளவு பாதுகாப்பானவை என்பது தவறு. நேர்மோதற் சோதனையின் முடிவை ஒத்த எடையுள்ள கார்களுக்கிடையே மட்டும் ஒப்பிட வேண்டும் என்பது ஐரோப்பாவில் இச்சோதனைகளை நடத்தும் யூரோ என்கப் அமைப்பின் கூற்றாகும். 800 கிலோகிராம் காரும் 1,600 கிலோகிராம் காரும் நேருக்குநேர் மோதினால், இலகுவான காரின் வேகமாற்றம் மற்றையதைப் போல் இரு மடங்காகும். உள்ளிருப்போர் தாங்கவேண்டிய அதிர்ச்சியும் அதற்கேற்ப மிகும். வகுப்பின் பெயர் எடையைச் சொல்வதில்லை.

மின்சாரக் கார்கள் பெருகும் இக்காலத்தில் பழைய கோல்கள் சிலவும் பொருளிழக்கின்றன. உருளையே இல்லாத வண்டியில் கன சென்ரிமீற்றரை எங்ஙனம் அளப்பது? இலங்கை, மின் இயக்கியின் கிலோவாற்று வலுவைக் கொண்டு தீர்வை கணக்கிடத் தலைப்பட்டது. 2022இல் யப்பானில் வந்த நிசான் சகுரா என்னும் மின்சாரக் காரோ, இயந்திர எல்லை பற்றிய கவலையின்றி, 3.395 மீற்றர் நீளத்தோடு பழைய கெய் பெட்டிக்குள்ளேயே அமைந்தது.

கார் வாங்க முற்படுவோர் விற்பனையாளரிடம் 'இது எந்த வகுப்பு?' என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. நீளம் எத்தனை மீற்றர், அகலம் எத்தனை, வெறும் எடை எத்தனை கிலோகிராம், பொதியறை எத்தனை லீற்றர், இயந்திரம் எத்தனை கன சென்ரிமீற்றர் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டு அறிதல் வேண்டும். வீட்டுப் படலையின் அகலத்தையும் ஒருமுறை அளந்து வைத்திருத்தல் நன்று. வகுப்பின் பெயர் எதுவாயினும், கார் நுழையவேண்டியது அந்தப் படலையினூடாகவே.