அழிக்கப்பட்ட டி கூனிங் வரைபடம்

அழிக்கப்பட்ட டி கூனிங் வரைபடம் என்பது அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் ரவுசன்பெர்க் 1953 ஆம் ஆண்டில் உருவாக்கிய கலைப்படைப்பு ஆகும். மற்றொரு புகழ்பெற்ற கலைஞரான வில்லெம் டி கூனிங் வரைந்த படத்தை அழிப்பானால் அழித்து இது உருவாக்கப்பட்டது. சட்டத்துடன் சேர்த்து ஏறக்குறைய 64 செ.மீ. உயரமும் 55 செ.மீ. அகலமும் கொண்டது. 1998 முதல் சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது.

பின்னணி

ரவுசன்பெர்க் 1951 இல் வெறும் வெள்ளை வண்ணம் மட்டும் பூசிய ஓவியங்களைப் படைத்தார். அதே எண்ணத்தை வரைபடத்திலும் கொண்டுவர விரும்பி, முதலில் தம்முடைய படங்களையே அழித்துப் பார்த்தார். அது அவருக்கு நிறைவளிக்கவில்லை. அழிக்கப்படுவது ஏற்கெனவே கலை என்று அனைவரும் ஒப்புக்கொண்ட ஒன்றாக இருக்க வேண்டும் என்று கருதினார். அதனால் அரூப வெளிப்பாட்டியத்தின் முன்னணிக் கலைஞரும் தாம் பெரிதும் மதித்தவருமான டி கூனிங்கை அணுகினார்.

உருவாக்கம்

டி கூனிங்கிற்கு இந்த எண்ணம் பிடிக்கவில்லை. ஆயினும் நோக்கத்தைப் புரிந்துகொண்டு இசைந்தார். வேண்டாத படத்தைக் கொடுக்காமல், இழந்தால் தாம் வருந்தக்கூடிய ஒன்றையே தேர்ந்தெடுத்தார். எளிதில் அழியாததாகவும் அது இருந்தது. அதை அழிக்கப் பல வாரங்களும் பல அழிப்பான்களும் தேவைப்பட்டன. அப்போதும் மங்கலான தடங்கள் தாளில் எஞ்சின.

பெயர்ச்சீட்டு

படைப்பின் பெயர், கலைஞரின் பெயர், ஆண்டு ஆகியவற்றைக் கொண்ட சீட்டைக் கலைஞர் ஜாஸ்பர் ஜான்ஸ் எழுதினார். தாள், பெயர்ச்சீட்டு, பொன்முலாம் பூசிய சட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே முழுப் படைப்பு. சீட்டு இல்லையெனில், பார்ப்பவருக்கு இது கறைபடிந்த ஒரு தாளாகவே தோன்றும்.

ஆய்வு

2010 இல் அருங்காட்சியகம் அகச்சிவப்புக் கதிர்ப் படமெடுப்பின் மூலம் தாளை ஆராய்ந்தது. வெவ்வேறு திசைகளை நோக்கிய பல உருவங்களின் தடங்கள் தெரியவந்தன. தாளின் பின்புறத்திலும் டி கூனிங்கின் வரைவு ஒன்று உள்ளது.

முக்கியத்துவம்

இதை ஒரு கலைஞரின் உழைப்பைச் சிதைத்த செயலாகச் சிலர் கண்டனர். மூத்த தலைமுறையின் செல்வாக்கிலிருந்து விடுபடும் முயற்சியாக வேறு சிலர் விளக்கினர். உரியவரின் இசைவுடன் நடந்ததால், இருவரும் சேர்ந்து செய்த படைப்பு என்றும் இதைக் கூறலாம். கோடு போடுவது வரைதல் என்றால், போட்ட கோட்டை நீக்குவதும் வரைதலாகுமா என்னும் வினாவை இது எழுப்புகிறது. பொருளைவிடக் கருத்துக்கு முதன்மை தரும் கருத்துருக் கலை 1960களில் வளர்ந்தது. அதற்கு முன்னோடியாக இப்படைப்பு மதிக்கப்படுகிறது.