சாகும் செல்லைப் பிடிப்பது எப்படி?

பரவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்குக் கண்ணில் பிரஷர். நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது என்கிறார் டாக்டர். சாவதை எப்படிப் பார்க்கிறார்கள்?"

டாக்டர் பார்ப்பது பெரும்பாலும் செத்து முடிந்த கணக்கைத்தான். சாகிற செல்லையே பிடிக்க ஆய்வுக்கூடத்துக்குப் போகவேண்டும். அப்பாவுக்கு இருப்பது போன்ற நோய்க்குக் கிளாக்கோமா என்று பெயர். அதில் விழித்திரையின் நரம்புச் செல்கள் தங்களைத் தாங்களே முடித்துக்கொள்கின்றன. 1972இல் கெர், வில்லி, கரி மூவரும் விவரித்த 'அப்போப்டோசிஸ்' இதுதான்.

அந்தச் சாவைப் பிடிக்க 1992இல் வந்தது டனல் முறை. சாகும் செல்லில் துண்டுபட்ட டிஎன்ஏவின் முனைகளில் ஒளிரும் சாயத்தை ஒட்டிவிடுவார்கள். ஆனால் அதற்கு ஆள் தெரியாது. அடிபட்டுச் செத்த செல்லிலும் ஒட்டும், திசுவைப் பதப்படுத்தத் தாமதித்தால் அதிலும் ஒட்டும். பச்சைப் புள்ளிப் படம் ஒன்றை மட்டும் போட்டு முடிவுரை எழுதும் ஆய்வேடுகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அப்போப்டோசிஸில் வேலை செய்யும் கேஸ்பேஸ்-3 நொதி விழித்துக்கொண்டதா என்றும் பார்த்திருக்க வேண்டாமா?

எனக்குப் பிடித்தது அனெக்சின். செல்லின் உறை இரண்டு அடுக்குக் கொழுப்பு. அதில் பாஸ்ஃபாடிடைல்செரின் என்ற கொழுப்பு உள்ளடுக்கில்தான் இருக்கும். அங்கேயே வைத்திருக்கச் செல் சக்தியைச் செலவழிக்கிறது. சாவு தொடங்கியதும் அது வெளியே வந்துவிடும். சின்ன வயதில் காசில்லை என்று காட்ட டிரவுசர் பையின் உள்துணியை வெளியே இழுத்துக் காட்டுவோமே, அப்படி! அதைக் கண்டுதான் துப்புரவுச் செல்கள் வந்து விழுங்குகின்றன. அனெக்சின் ஏ5 என்ற புரதம், கால்சியம் இருந்தால், இந்தக் கொழுப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். உறை கிழிந்த செல்லுக்குள்ளும் புகுந்து ஒட்டிவிடும் என்பதால் கூடவே புரோப்பிடியம் அயோடைடு சாயமும் போடுவார்கள். கிழியாத உறைக்குள் அது நுழையாது. அனெக்சின் ஒட்டியிருக்கவேண்டும், சாயம் ஏறியிருக்கக் கூடாது: அதுதான் சாவின் தொடக்கம்.

2017இல் லண்டனில் பிரான்செஸ்கா கார்டீரோவின் குழு, ஒளிரும் அனெக்சினை ஊசி வழியாக ரத்தத்தில் செலுத்தி, உயிரோடிருக்கும் மனிதரின் விழித்திரையிலேயே சாகும் செல்களை வெண்புள்ளிகளாகப் பார்த்தது.

ஆராய்ச்சி அவ்வளவு தூரம் போய்விட்டது, நாம்தான் போகவில்லை. மதுரை, நெல்லை, தூத்துக்குடிக் கிராமங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 5,150 பேரை அரவிந்த் கண் மருத்துவமனை பரிசோதித்து, முடிவை 2003இல் வெளியிட்டது. திறந்த கோணக் கிளாக்கோமா என்ற வகை இருந்தவர்களில் 93 சதவீதம் பேருக்கு அதுவரை யாரும் அதைக் கண்டுபிடித்துச் சொன்னதில்லை. செத்த செல் திரும்பி வராது.

பரவை வாசகரே, அப்பாவுக்கு இருந்தால் உங்களுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். கடையில் கண்ணாடி நம்பரை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கண் டாக்டரிடம் போய் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள், நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.