ஸ்டியரிங் சொல்லும் சேதி

2015-இல் அமெரிக்காவில் இரண்டு கார்கள் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைத்தன. ஒன்று, 300 குதிரைத்திறன் கொண்ட ஃபோர்டு மஸ்டாங். மற்றொன்று, 155 குதிரைத்திறன் கொண்ட மாஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டுமே சுமார் 25,000 டாலர். எண்களை மட்டும் பார்ப்பவர்கள் இரண்டாவதை வாங்கவே மாட்டார்கள். ஆனால் 1989-இல் சிகாகோ கார் கண்காட்சியில் முதன்முதலாக வெளிவந்த இந்தச் சின்ன இரண்டு இருக்கைக் கார், 2016 ஏப்ரலில் உற்பத்தியில் பத்து லட்சத்தைத் தொட்டுவிட்டது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே அதிகம் விற்றது இதுதான். இத்தனை பேர் இதில் எதைக் கண்டார்கள் என்பதற்கு இயற்பியலில் தெளிவான பதில் உண்டு. அந்தப் பதில் இன்ஜினில் தொடங்குவதில்லை, டயரில் தொடங்குகிறது.

வளைவில் கார் வெளிப்பக்கம் ஓடிவிடாமல் பிடித்துவைப்பது டயர். அதற்குத் தேவைப்படும் விசை, காரின் எடை கூடினால் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகும். 40 மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் கடக்கும் கார், தன் எடையில் ஏறக்குறைய பாதியளவு விசையைப் பக்கவாட்டில் கேட்கிறது. அதே வளைவை 100 கி.மீ. வேகத்தில் கடக்க வேண்டுமென்றால் எடையைப் போல் இரண்டு மடங்கு விசை வேண்டும். சாதாரணச் சாலை டயர் எதுவும் அதைத் தராது. எனவே எந்தக் காருக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை நெருங்குவதை ஓட்டுபவருக்கு எவ்வளவு முன்கூட்டி, எவ்வளவு தெளிவாகச் சொல்கிறது என்பதில்தான் ஒரு காருக்கும் இன்னொரு காருக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.

அது சொல்லும் விதம் அழகானது. வளைவில் சக்கரம் பார்க்கும் திசையும் அது உண்மையில் போகும் திசையும் ஒன்றல்ல. நடுவே சில டிகிரி வித்தியாசம் இருக்கும். டயர் தரையைத் தொடும் உள்ளங்கையளவு இடத்தில், ரப்பர் முன்விளிம்பில் நேராக நுழைந்து, பின்னால் போகப்போகப் பக்கவாட்டில் வளைகிறது. அதனால் பக்கவாட்டு விசையின் மையம் அந்த இடத்தின் நடுவில் அமையாமல் சற்றுப் பின்தள்ளி அமைகிறது. அந்தச் சிறு தூரமே நெம்புகோலாகிச் சக்கரத்தை நேராக்கப் பார்க்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கை உணரும் எதிர்ப்பில் இதற்குப் பெரிய பங்குண்டு. பிடிப்பு எல்லையை நெருங்கும்போது, தொடுமிடத்தின் பின்பகுதிதான் முதலில் வழுக்கத் தொடங்கும். உடனே விசையின் மையம் முன்னால் நகர்கிறது, நெம்புகோல் குறுகுகிறது. பிடிப்பு உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே ஸ்டியரிங் லேசாகிவிடுகிறது! கவனமாக ஓட்டுபவரின் விரல்களுக்கு அந்த எச்சரிக்கை போதும்.

இன்றைய பல கார்களில் இந்தச் சேதி கைக்கு வந்து சேருவதற்குள் மங்கிவிடுகிறது. நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5இல் ஸ்டியரிங்கைத் திருப்ப உதவும் மின்மோட்டாரை ஸ்டியரிங் தண்டில் வைக்காமல், சக்கரங்களைத் திருப்பும் ரேக்கிலேயே பொருத்தினார்கள். அப்படியும் பழைய ஹைட்ராலிக் ஸ்டியரிங்கின் நுணுக்கம் முழுதாக வரவில்லை என்று பலர் குறைபட்டார்கள். அது நியாயமான குறைதான்.

2012-இல் டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து செய்த 86/பிஆர்இசட் கார் இன்னொரு துணிச்சலான பாடம். அதற்குப் போட்டது 215 மில்லிமீட்டர் அகல மிச்செலின் பிரைமசி டயர். எரிபொருளைச் சேமிக்கும் பிரியஸ் ஹைபிரிட் காருக்கும் இதே வகை டயர் வந்தது. ஸ்போர்ட்ஸ் காருக்கு இதுவா என்று கேட்டவர்கள் உண்டு. தெரிந்தேதான் செய்தார்கள். அகலமான, ஒட்டும் தன்மை மிகுந்த டயரின் எல்லை மிக உயரத்தில் இருக்கும். அங்கே போய்ச் சேர ஆபத்தான வேகம் வேண்டும். போனபின் பிடிப்பு சட்டென்று விட்டுப்போகும். குறுகலான டயரோ குறைந்த வேகத்திலேயே பேசத் தொடங்கும், மெதுவாகவே விட்டுக்கொடுக்கும். பொதுச்சாலைக்கு இதுவே பொறுப்பான தேர்வு என்று நினைக்கிறேன்.

எடையைப் பற்றி மாஸ்டாவின் பொறியாளர்களுக்கு ஒரு பிடிவாதமே இருந்தது. 1989-இன் முதல் எம்எக்ஸ்-5 சுமார் 940 கிலோ. கால் நூற்றாண்டு கழித்து, ஏர்பேக்குகளும் கடுமையான மோதல் பாதுகாப்பு விதிகளும் வந்த பிறகும், ஜப்பானில் விற்ற 1.5 லிட்டர் அடிப்படை மாடல் 990 கிலோதான். பானெட், டிக்கி மூடி, முன் ஃபெண்டர்கள் எல்லாம் அலுமினியம். 2018-இல் 2 லிட்டர் இன்ஜினைத் திருத்தியபோது ஒவ்வொரு பிஸ்டனிலும் 27 கிராம் குறைத்தார்கள். இன்ஜின் நிமிடத்துக்கு 7,500 சுற்று வரை தயங்காமல் ஏறியது.

எடை எவ்வளவு என்பதைப் போலவே எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். தோளில் காவடித்தண்டு சுமப்பவரிடம் கேட்டால் தெரியும்: குடங்கள் தண்டின் இரு முனைகளிலும் தொங்கும்போது சட்டென்று திரும்ப முடியாது, திரும்பினால் சட்டென்று நிற்கவும் முடியாது, தோளுக்குப் பக்கத்தில் இருந்தால் இரண்டும் எளிது. எம்எக்ஸ்-5இல் இன்ஜின் முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி. இன்ஜின் தள்ளுவது பின்சக்கரங்களை. திருப்பும் வேலை மட்டுமே முன்சக்கரங்களுக்கு.

இத்தனையையும் உணர்வது உடம்பு. உட்செவியின் அரைவட்டக் குழல்கள் சுழற்சியை அறிகின்றன. பக்கத்திலுள்ள நுண்கற்கள் முன்பின் இழுப்பையும் பக்கவாட்டுத் தள்ளலையும் அறிகின்றன. முதுகும் இடுப்பும் இருக்கையின் அழுத்தத்தைப் படிக்கின்றன. கை கேட்டதும் உட்செவி உணர்ந்ததும் தாமதமின்றிப் பொருந்தும்போது மூளை அந்தக் காரை நம்பத் தொடங்குகிறது. எம்எக்ஸ்-5 வளைவில் கொஞ்சம் சாய்வதை விமர்சகர்கள் குறை சொன்னார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. எடை எந்தச் சக்கரத்துக்கு மாறுகிறது என்று உடம்புக்குச் சொல்லும் வழி அது.

ஆனால் வேகமான வளைவுகளில் சாய்வு மிஞ்சியதும் உண்மை. அதற்குக் கடினமான ஸ்பிரிங் போட்டிருந்தால் அந்தப் பேச்சு போயிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் மாஸ்டா வேறு வழி கண்டது. வளைவில் உள்பக்கப் பின்சக்கரத்துக்கு மட்டும் மிக லேசாக பிரேக் கொடுக்கிறார்கள். பின் சஸ்பென்ஷனின் அமைப்பால் அந்த இழுப்பு, மேலெழப் பார்க்கும் காரின் உடலைக் கீழே பிடித்துக்கொள்கிறது. இருந்த பிரேக்கையே பயன்படுத்தியதால் காரின் எடை ஒரு கிராம்கூட ஏறவில்லை.